முகவர் அம்மாவின் டைரி

அஞ்சலகத்தை மூடக்கூடாது என்று ரிட் போட வருகிறவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவேன்: சட்டம் நம் பக்கம் இல்லை. மாண்டமஸ், அதாவது இதைச் செய் என்று அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் ஆணையைக் கேட்பவர் கையில் சட்டம் தந்த உரிமை ஒன்று இருக்கவேண்டும். என் தெருவுக்கு அஞ்சலகம் வேண்டும் என்று கேட்கும் உரிமை 1898ஆம் ஆண்டு அஞ்சலகச் சட்டத்திலும் கிடையாது. அதை நீக்கிவிட்டு வந்த 2023 சட்டத்திலும் கிடையாது.

தென்மாவட்டச் சிறு நகரம் ஒன்றின் குடியிருப்போர் சங்கத்துக்காக உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நான் நடத்திய வழக்கும் இந்த லட்சணத்தில்தான் தொடங்கியது. வாடகைக் கட்டடத்தில் இயங்கிய துணை அஞ்சலகம். கட்டடக்காரர் காலி செய்யச் சொன்னார். வருமானம் குறைவு, பக்கத்திலேயே இன்னொரு அஞ்சலகம் இருக்கிறது என்று காரணம் காட்டி, அதோடு இணைக்க உத்தரவு வந்தது. மக்கள் சாலையில் உட்கார்ந்து பார்த்தார்கள், கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள். ஒன்றும் நடக்காமல்தான் என்னிடம் வந்தார்கள்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவர் எழுதிக்கொண்டு வந்ததில் மணியார்டரும் பொங்கல் வாழ்த்தும் பட்டாளத்துக்குப் போன பிள்ளையின் கடிதமும் பக்கம் பக்கமாக இருந்தன. படிக்க நன்றாகத்தான் இருந்தது. "ஐயா, மனுவில் இது ஒரு வரிகூட வேண்டாம்" என்றேன். மனிதருக்கு முகம் சுண்டிவிட்டது. கடைசியாக எப்போது கடிதம் போட்டீர்கள் என்று நீதிபதி கேட்டால் நாங்கள் என்ன சொல்வது?

எனக்கு வேண்டியிருந்தது கணக்கு. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்த அஞ்சலகத்தின் வரவு செலவைக் கேட்டோம். மனுவுக்கான 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரை அங்கேயேதான் வாங்கினோம். அன்றைய வருமானத்தில் அதுவும் சேர்ந்திருக்கும்! மாதவாரிக் கணக்கு வந்தது. சில மாதங்களில் மட்டும் வசூல் சரேலென்று விழுந்திருந்தது. காரணம் பிடிபடவில்லை.

பிடித்துக் கொடுத்தவர் ஆர்.டி. வசூலிக்கும் மகளிர் முகவர் ஒருவர். கட்டைப்பை நிறைய பாஸ்புக்குகளோடு வந்தவர், கூடவே ஒரு பாக்கெட் டைரியை எடுத்து மேசையில் வைத்தார். பல தேதிகளுக்கு நேரே சிவப்பு மையில் பெருக்கல் குறி. "சர்வர் இல்லைன்னு போர்டு மாட்டுன நாளு சார். தவணை தப்புனா நூத்துக்கு ஒரு ரூபா அபராதம் போடுவாங்க. பணம் குடுத்தவங்க என்னையத்தான் கேப்பாங்க. அதான் குறிச்சு வச்சேன்."

வசூல் விழுந்த மாதங்களும் சிவப்புக் குறி மொய்த்த மாதங்களும் ஒன்றாகவே இருந்தன. கணினி ஓடாததால் பணம் கட்ட வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய மாதங்களின் வசூலைக் காட்டி, அங்கே வேலையே இல்லை என்று முடிவு கட்டியிருந்தார்கள். இரண்டையும் அருகருகே போட்டு ஒரு அட்டவணை தயாரித்து, டைரியின் ஜெராக்ஸோடு வழக்கு ஆவணத் தொகுப்பில் சேர்த்தேன்.

தூரக் கணக்கும் ஓட்டைதான். 20 லட்சம் மக்களுக்கு மேல் உள்ள நகரங்களில் 1.5 கிலோமீட்டர், மற்ற நகரங்களில் 2 கிலோமீட்டர் இடைவெளி வேண்டும் என்று துறையில் ஒரு வரையறை உண்டு. அது புதிதாக அஞ்சலகம் திறப்பதற்கு. இருப்பதை மூட அதையே எடுத்துக்காட்டியிருந்தார்கள். அதிலும் நடுவே ரயில் பாதை போவதைக் கணக்கில் எடுக்கவில்லை. கேட் போட்டுவிட்டால் பென்ஷன் வாங்கும் கிழவி வெயிலில் நிற்கவேண்டியதுதான்.

விசாரணையில் மத்திய அரசு வழக்கறிஞர் 2001ஆம் ஆண்டின் பால்கோ தீர்ப்பை எடுத்து வைத்தார். அரசின் பொருளாதாரக் கொள்கை முடிவில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்பது வாதம். அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீதிபதியும் நான் பயந்த கேள்வியையே கேட்டார். "கடிதம் போட்டு வருஷக்கணக்காகிறது, மை லார்ட். பணம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்" என்று அட்டவணைப் பக்கத்தைக் காட்டினேன். கொள்கையை எதிர்க்கவில்லை, அதைப் பொருத்திய கணக்குதான் தப்பு என்றேன். டைரிப் பக்கங்களை அவர் நிதானமாகப் புரட்டினார்.

உத்தரவு ரத்தாகவில்லை. மக்களை நேரில் அழைத்துக் கேட்டு, காரணங்களோடு புதிதாக முடிவெடுக்க வேண்டும், அதுவரை இப்போதைய நிலையே தொடரவேண்டும் என்று மட்டும் வந்தது. சங்கத்தாருக்கு ஏமாற்றம்தான். எனக்கு அது போதுமாயிருந்தது. அந்த அவகாசத்தில் சங்கமே குறைந்த வாடகைக்கு ஒரு இடத்தைத் தேடிக் கொடுத்தது, இணைப்பு கைவிடப்பட்டது. பட்டுவாடா மட்டும் பெரிய அலுவலகத்துக்குப் போய்விட்டது. தபால்காரர் இப்போது அங்கிருந்துதான் வருகிறார்.

உங்கள் பகுதிக்கும் இப்படி ஒரு உத்தரவு வந்தால், மறியலுக்கு நாள் குறிப்பதற்கு முன்னால் தகவல் மனுவைப் போட்டுவிடுங்கள். பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு; பூட்டுப் போடும் தேதி அதற்குள் வந்துவிடலாம்.