மூணாவது வரிசை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தை நினைத்தாலே முதலில் மூக்குக்கு வருவது முந்திரிப்பழ வாசனைதான். ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் செம்மண் பூமி. பங்குனி பிறந்தால் போதும், முந்திரிக்காட்டிலிருந்து அந்தப் புளித்த இனிப்பு வாடை ஓட்டுக்கூரைக்குள் புகுந்து, சத்துணவுச் சாம்பாரின் மணத்தோடு கலந்து, மத்தியானக் கணக்குப் பாடம் முழுக்க எங்களைத் தூங்கவைக்கப் பார்க்கும்.

அஞ்சாம் வகுப்பில் எல்லாரும் தரையில்தான், மூணு வரிசையாக. பரீட்சைத் தாள் கொடுத்த மறுநாள் வரிசை மாறும். முதல் வரிசை நல்லாப் படிக்கிறவங்க, ரெண்டாவது சுமார். சன்னலோரத்து மூணாவது வரிசைக்குப் பெயர் கிடையாது. 'அந்த வரிசை' என்று சார் கையை நீட்டினால் எல்லாருக்கும் புரியும். நான் முதல் வரிசை. அந்தத் தெம்பில் வீட்டில் கஞ்சி குடிக்கும்போதுகூட முதுகை நிமிர்த்தி உட்காருவேன் என்று அப்பத்தா ரொம்ப நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தது.

என் சிநேகிதன் மூணாவது வரிசை. அவன் அப்பாவோடு கடலை மூட்டையும் பலாப்பழமும் ஏற்றிக்கொண்டு கமிஷன் கடைக்குப் போகிறவன். மூட்டை எடையில் சாக்குக்கு இவ்வளவு கழி, கிலோ விலையால் பெருக்கு, கமிஷன் எடு, வண்டி வாடகை போக மிச்சம் இவ்வளவு என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவான். அதே பிள்ளை நோட்டில் நீள் வகுத்தல் போட உட்கார்ந்தால் பென்சில் நுனியைக் கடித்துக்கொண்டே இருப்பான். கமிஷன் கடைக் கணக்கை அவனிடம் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லை.

கடைசி பீரியடு விளையாட்டு. நாங்கள் பந்தை எடுத்துக்கொண்டு வெளியே ஓடுவோம். மூணாவது வரிசை மட்டும் உள்ளேயே இருந்து வாய்ப்பாடு சொல்ல வேண்டும். ஓவிய பீரியடும் அவர்களுக்கு அப்படியே போனது. எட்டாம் வாய்ப்பாடு சன்னல் கம்பி வழியாக ராகம் போட்டு வரும், அவன் கண் மட்டும் பந்தின் பின்னாலேயே ஓடும். எங்கள் வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் அவன்தான்.

அந்தச் சமயத்தில்தான், 1991இல், எங்கள் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் வந்தது. எங்கள் தெரு வகுப்பு எங்கள் வீட்டுத் திண்ணையில். அரிக்கேன் விளக்கின் சீமெண்ணெய் வாடை, பகலெல்லாம் பூக்கட்டிய கைகளில் மிச்சமிருக்கும் மல்லிகை வாசம், சிலேட்டுக் குச்சியின் கிரீச் சத்தம், இதுக்கு நடுவில் அம்மா, பக்கத்து வீட்டு அத்தை, நாத்து நட்டுவிட்டுக் குளித்து வந்த சித்தி எல்லாரும் வட்டமாக உட்காருவார்கள். சொல்லிக்கொடுக்க வந்த அக்கா காசு வாங்காத தொண்டர். அங்கே வரிசை கிடையாது. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருப்பவரின் விரலைப் பிடித்து எழுதவைப்பார், அவ்வளவுதான்.

கூலிக் கணக்கு வந்தபோது அக்கா கொஞ்சம் தடுமாறியது. தன் அம்மாவோடு வந்து விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த என் சிநேகிதன்தான், "அத்தே, நாலு நாள் கூலிய மொதல்ல கூட்டு, வாங்குன முன்பணத்த அப்பறமாக் கழி" என்று ஆரம்பித்தான். அத்தை இரண்டு தடவை அழித்து எழுதி, விடை வந்ததும் அவன் கன்னத்தைக் கிள்ளியது. அன்றைக்கு அவன் குரலில் இருந்த தெளிவை வகுப்பில் நான் கேட்டதே இல்லை.

எழுத்தோடு சைக்கிளும் பாடமானது அந்த இயக்கத்தில்தான். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். நிலா வெளிச்சத்தில் பள்ளி மைதானத்தில் அம்மா பெடலை மிதிக்க, பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடியது அவனேதான். எங்களில் யாருக்கும் அந்த வேகம் வராது. 1992இல் புதுக்கோட்டை முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் என்று அறிவித்தார்கள்.

பிற்பாடு எவ்வளவோ மாறிவிட்டது. 2007 வாக்கில் அரசுத் தொடக்கப்பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்து, அவரவர் வேகத்துக்கு ஏணிப்படியும் அட்டையும் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகையும் கிடைத்தன. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்றல் நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எந்த இடத்தில் பிள்ளை தடுக்குகிறது என்று பார்த்து அங்கிருந்து தூக்கிவிட இப்படிப் பிரிப்பது நல்லதுதான். மூணாவது வரிசையும் அதற்காகப் போட்டதாகத்தான் இருக்கும். ஆனால் அங்கிருந்து மேலே வர வழி சொல்லவில்லை, என் சிநேகிதனுக்கு வந்த ஓட்டத்தையும் கணக்கையும் பாடமென்று சேர்க்கவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை அரும்பில் இருந்தால் வருத்தப்படாதீர்கள். பள்ளிக்கூடத்துக்குப் போய் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கள்: மொட்டுக்குப் போக என்ன செய்கிறீர்கள், விளையாட்டு பீரியடில் என் பிள்ளை மைதானத்தில் இருக்கிறதா?