கெல்சென்கிர்ச்சன் மழையும் கம்பிங் வானின் பிறேக் லைற்றும்

கெல்சென்கிர்ச்சனுக்குப் புதிதாகக் குடிவந்த எம்மவர்கள், நகரை ஒருமுறை சரியாகப் பார்க்க வேண்டுமானால் பிரதான புகையிரத நிலையத்தில் 302ஆம் இலக்க ட்ராமில் ஏறி, வடக்கே பூர் வரை போய்வாருங்கள். வழியில் ஷால்க வரும். அதற்கப்பால் ரைன்-ஹேர்ன கால்வாயும் எம்ஷர் ஆறும் அருகருகே ஓடும். உதைபந்தாட்ட மைதானமும் அந்தப் பாதையில்தான்.

இது நிலக்கரியால் வளர்ந்த ஊர். 1959இல் ஏறத்தாழ 3,90,000 பேர் இங்கு வாழ்ந்தார்கள். நோர்ட்ஸ்ரேர்ண் சுரங்கம் 1993இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் 1997இல் ஜேர்மன் பூங்காக் கண்காட்சி நடந்தது. இன்று அது பிள்ளைகள் ஓடி விளையாடும் பூங்கா. ரூர் பிரதேசத்தின் கடைசிச் சுரங்கமும் 2018 டிசெம்பரில் பக்கத்து ஊரான பொற்றொப்பில் மூடப்பட்டது.

கரியைத் தோண்டி எடுத்ததால் மேலே இருந்த நிலம் தாழ்ந்தது. தாழ்ந்த நிலத்தில் மழைநீர் தானாக வடிந்தோடாது. அதனால் சுரங்கங்கள் மூடிய பின்பும் பம்பிகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. எம்ஷரின் கதையும் இதுதான். அடியில் குழாய் புதைத்தால் நிலம் தாழ அது உடைந்துவிடும் என்பதால், நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கழிவுநீர் திறந்த ஆற்றிலேயே விடப்பட்டது. சுரங்க வேலை குறைந்த பின், 1992இல் ஆற்றைத் திருத்தும் வேலை தொடங்கியது. டோட்மண்டிலிருந்து டின்ஸ்லாக்கன் வரை 51 கிலோமீற்றர் நீளத்துக்கு நிலக்கீழ்க் கால்வாய் அமைத்தார்கள். 2021 முடிவில்தான் எம்ஷர் கழிவுநீர் இல்லாத ஆறானது. தண்ணீர் விடயத்தில் இந்த ஊர் பொறுமையான ஊர்.

அந்தப் பொறுமை எங்களுக்கும் தேவைப்படும் ஓர் இடத்தைப் பற்றித்தான் இங்கு சொல்ல வந்தேன். குடும்பம் பெரிது, கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் சட்டி பானையோடு போகவேண்டும் என்பதற்காக எம்மவரில் சிலர் பழைய கம்பிங் வான் வாங்குகிறார்கள். அது கராஜுக்குள் அடங்காது. மாரி முழுவதும் வீதியோரம் மழையில் நிற்கும். ஒரு நாள் பார்த்தால் பின் பிறேக் லைற்றின் சிவப்புக் கண்ணாடிக்குள் நீராவி படர்ந்திருக்கும், அல்லது அடியில் ஒரு விரற்கடை தண்ணீர் தேங்கியிருக்கும். மழை விட்டும் தூவானம் விடாத கதையாக, வெயில் எறித்தாலும் அது காயாது.

"லைற் எரிகிறதுதானே" என்று விட்டுவிடக்கூடாது. மின்குமிழ் பொருந்தும் இடத்தில் பச்சைக் களிம்பு பிடிக்கும். பிறகு வெளிச்சம் மங்கும், ஒரு நாள் நின்றுவிடும். முன்னால் இருந்து ஓட்டுபவருக்கு இது தெரியாது. பின்னால் வரும் லொறிச் சாரதிக்குத்தான் தெரியாமற் போனது தெரியவரும். பழைய கம்பிங் வான்கள் பலவற்றின் சுவருக்குள் மரச்சட்டம் உண்டு. ஒழுகும் நீர் அதையும் உக்க வைத்துவிடும்.

முதலில் செய்யவேண்டியது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. ஊரில் ஓட்டு வீடு ஒழுகும்போது பார்த்திருப்பீர்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓடு உடைந்திருக்காது. தண்ணீர் சலாகை வழியே ஓடிவந்து வேறிடத்தில் விழும். வானும் அப்படித்தான். லைற்றின் ரப்பர் வாசர் காய்ந்து இறுகியிருக்கலாம், கண்ணாடி வெடித்திருக்கலாம், கூரையின் பொருத்தாலோ, பின் யன்னலின் ஓரத்தாலோ, மேலே உள்ள மூன்றாவது பிறேக் லைற்றாலோ புகுந்த நீர் சுவருக்குள்ளால் இறங்கி வந்திருக்கலாம்.

இதற்கு இருவர் வேண்டும். உட்புறத்தை நன்றாகத் துடைத்து, லைற்றின் பின்புறம் சமையலறைக் கடதாசியை ஒட்டுங்கள். ஒருவர் உள்ளே ரோச் லைற்றுடன் இருக்க, மற்றவர் வெளியே பூவாளியால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றவேண்டும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு மட்டத்திலும் சில நிமிடம் நின்று, மேலே போகவேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லாம் ஒன்றாக நனைந்துவிடும், ஒன்றும் விளங்காது. கடதாசி எப்போது நனைகிறதோ, அப்போது ஊற்றிய மட்டத்தில்தான் பழுது இருக்கிறது.

பழுது லைற்றில்தான் என்றால் பற்றறியின் வயரைக் கழற்றிவிட்டு லைற்றைக் கழற்றுங்கள். பழைய வாசரைச் சுரண்டி, ஸ்பிரிற்றால் துடைத்து, புதியதைப் பொருத்துங்கள். களிம்பை மெல்லிய அரத்தாளால் தேய்த்து எடுக்கலாம். சிலிக்கோன் பூசுவதானால் வினாகிரி மணக்கும் வகையை வாங்கவேண்டாம். அந்த அமிலம் செம்பை அரிக்கும். லைற்றின் அடியில் சிறு துவாரம் இருந்தால் அதை அடைக்கக்கூடாது. உள்ளே சேரும் ஈரம் வெளியேறும் வழி அது. திருகாணிகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரே பக்கத்தில் இறுக்கினால் பிளாஸ்ரிக் வெடிக்கும்.

பிறேக் மிதிக்கும்போது சிக்னல் லைற்றும் சேர்ந்து மங்கலாக எரிந்தால், எர்த் வயர் பொருந்தும் இடம் துருப்பிடித்திருக்கலாம். அதைத் துப்புரவாக்கினாலே பெரும்பாலும் சரிவரும்.

வெடித்த கண்ணாடிக்குச் சிவப்புப் பட்டி ஒட்டி ஓடமுடியாது. புதியதோ, பழைய வாகனம் உடைக்கும் இடத்தில் எடுத்ததோ, அதில் வட்டத்துக்குள் 'ஈ' எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அதுதான் அங்கீகார முத்திரை. கடையில் கேட்பதற்கு மூன்று டொச் சொற்கள் போதும்: பிறேக் லைற் 'பிறெம்ஸ்லிஷ்ற்', வாசர் 'டிஷ்ருங்', எர்த் 'மாஸ'.

3.5 தொன்னுக்கு உட்பட்ட பழைய கம்பிங் வானை 2 ஆண்டுக்கு ஒருமுறை 'தூவ்' பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பிறேக் லைற் எரியாவிட்டால் இலக்கத்தகட்டில் வில்லை ஒட்டமாட்டார்கள். திருத்தி ஒரு மாதத்துக்குள் மீண்டும் காட்டவேண்டும். எம்மவர் சிலர் இதை வெளிநாட்டவரை வருத்தும் சட்டம் என்று எண்ணுகிறார்கள். அப்படியல்ல. நீராவிக் கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் இறந்த காலத்தில், அவற்றைப் பரிசோதிக்க 1866இல் மன்ஹைமில் ஒரு சங்கம் அமைத்தார்கள். அப்படியான சங்கங்களிலிருந்தே தூவ் வளர்ந்தது. கொதிகலன்களை நம்பி வாழ்ந்த இந்தச் சுரங்க ஊருக்கு அதன் அருமை தெரியும்.

ஹம் நகரில் 2002இல் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குப் போக, பூர் பக்கத்தில் ஏ2 ஒட்டோபானில் ஏறி ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் ஓடவேண்டும். தேர்த்திருவிழாக் காலத்தில் ஐரோப்பாவின் பல பாகங்களிலிருந்தும் எம்மவர் அங்கு கூடுவார்கள். டோட்மண்டைத் தாண்டும்போது லொறிகள் வரிசையாக வரும். வாகனங்கள் திடீரென நிற்கும். பிள்ளைகள் பின் இருக்கையில் நித்திரையாக இருப்பார்கள்.

ஆகையால் புறப்படும் முன் ஒருவர் பிறேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று மூன்று லைற்றும் எரிகின்றனவா என்று பார்க்கட்டும். தனியாக இருந்தால், வானைப் பின்பக்கமாக ஒரு சுவருக்கு அருகே கொண்டுபோய் மிதித்துப் பாருங்கள்; சிவப்பு வெளிச்சம் சுவரில் தெரியும். அரை நிமிட வேலை. அதைப் பார்த்துவிட்டு அம்பாளிடம் போய்வாருங்கள்.