முட்டைக்கோஸ்தானேன்னு நம்பிடாதீங்க

"கொரியாக்காரங்க கடையில சாப்பிடப் போறேன்" என்று பொள்ளாச்சிப் பையன் ஒருவன் வீட்டில் சொன்னால் போதும். "ஏங்கண்ணு, பாம்பு பல்லியெல்லாம் போடுவாங்களாமா?" என்று அம்மாயி கேட்டே தீருவார். அதெல்லாம் ஒன்றும் கிடையாதுங்க. கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது, அதற்குக் கொஞ்ச நேரத்தில் வருவோம்.

தமிழ்நாட்டில் கொரியச் சாப்பாடு பரவக் காரணம் கார். 1996இல் ஹூண்டாய் இங்கே கம்பெனி தொடங்கி, இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டி, 1998இல் சாண்ட்ரோவை இறக்கியது. கூடவே கொரியப் பொறியாளர்களும் குடும்பங்களும் வந்தார்கள். அவர்கள் நாக்குக்குச் சென்னையில் கடைகள் முளைத்தன. நம்ம பசங்க உள்ளே போனது ரொம்பப் பின்னால்தான், சீரியல் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு!

மேசையில் உட்கார்ந்ததும் சின்னச் சின்னக் கிண்ணங்கள் வந்து இறங்கும். கீரை, முளைகட்டிய பயறு, முள்ளங்கி, கிம்ச்சி. இவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் காசு கிடையாது. தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். மெஸ்ஸில் பொரியல் இரண்டாம் முறை கேட்டுப் பழகியவர்களுக்கு இதில் கூச்சமே வராது.

கிம்ச்சி என்பது உப்பிலும் மிளகாயிலும் பூண்டிலும் ஊறிப் புளித்த முட்டைக்கோஸ் வகை. ஜில்லென்று இருக்கும். முதல் வாய் வைத்ததும் முகம் சுளிப்பவர்கள் நிறைய. ஆனால் இட்லி மாவைப் பொங்க வைக்கிற லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாதான் கிம்ச்சியையும் புளிக்க வைக்கிறது. காலையில் கம்மங்கூழ் குடித்து வளர்ந்த நாக்குக்குப் புளிப்பு என்ன புதுசா?

புதுசு எது என்றால் இனிப்பு. சிவப்பாக ஒரு குழம்பு வந்ததும், சிந்தாமணி சிக்கன் மாதிரி காதில் புகை வரும் என்று எதிர்பார்ப்பார்கள். வராது. கோச்சுஜாங் என்கிற மிளகாய் விழுதில் பசையரிசியும் புளித்த சோயாவும் சேர்வதால் காரத்துக்குப் பின்னாலேயே ஒரு தித்திப்பு வரும். குழம்பில் தித்திப்பா என்று கொங்கு நாக்கு அங்கேதான் திகைக்கும். இத்தனைக்கும் மிளகாய் அவர்களுக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. அமெரிக்காக் கண்டத்திலிருந்து 16ஆம் நூற்றாண்டு வாக்கில் கப்பலேறி வந்த சரக்கு.

முதல் முறை போகிறவர்களுக்கு நல்லது பிபிம்பாப். பிபிம் என்றால் கலக்கிய, பாப் என்றால் சோறு. கலந்த சோறு, அவ்வளவுதான். நம்ம அரிசிம்பருப்பைப் போல ஒரே கிண்ணத்தில் முடிந்துவிடும். குச்சியை நினைத்துப் பயப்பட வேண்டாம், கொரியர்களே சோற்றைக் கரண்டியில்தான் சாப்பிடுகிறார்கள்.

இப்போது அந்தக் கவலைக்கு வருவோம். கூட்டமாகப் போகும்போது ஒருவராவது சைவமாக இருப்பார், அல்லது அன்றைக்குச் சனிக்கிழமையாக இருக்கும். "கோஸ்தானே" என்று கிம்ச்சியை அவர் பக்கம் தள்ளிவிடுவார்கள். வழக்கமான கிம்ச்சியில் உப்பில் ஊறிய இறாலோ மீன் சாறோ உண்டு, கண்ணுக்குத் தெரியாது. காய்கறிச் சூப்பிலும் பல நேரம் நெத்திலி கொதித்த தண்ணீர்தான். கடையில் "கறி இருக்கா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் பதில் வரும், அதில் பொய்யும் இல்லை. "மீன் சாறு, இறால் சேர்த்திருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்பதில் தப்பே இல்லைங்க. கொரியாவின் புத்த மடங்களில் மீன் மட்டுமல்ல, பூண்டுகூட இல்லாமல் கிம்ச்சி போடுகிறார்கள்.

இன்னொன்று, எச்சில். நடுவில் கொதிக்கும் ஒரே சட்டிக்குள் எல்லோரும் அவரவர் கரண்டியை விடுவது அங்கே பாசத்தின் அடையாளம். நம் வீட்டில் நடந்தால் அம்மாயி எழுந்தே போய்விடுவார். தனிக் கிண்ணம் கேட்டால் தருவார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் அம்மாயிக்கும் கொரியப் பாட்டிக்கும் சண்டையே வராது. கிம்ச்சி ரொம்பப் புளித்துவிட்டால் அவர்கள் கொட்டுவதில்லை. கொதிக்கவிட்டுக் குழம்பாக்குவார்கள், இல்லாவிட்டால் மாவில் கலந்து தோசை மாதிரிச் சுட்டுவிடுவார்கள். நாலாம் நாள் மாவு இங்கே பணியாரம் ஆகிற மாதிரி.