அம்பாசிடருக்குக் கண்ணாடிப் பளபளப்பு

மாடல் காரோட பளபளப்பு லேக்கரின் தடிமன்ல இல்லைங்க, சமமான பரப்புல இருக்கு. மேடு பள்ளம் இருந்தா வெளிச்சம் சிதறி மங்கலாத்தான் தெரியும். அதனால மெல்லிசா நாலஞ்சு கோட் அடிச்சு, நல்லாக் காஞ்சதும் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைச்சுத் தேய்ச்சு, அப்புறம் பாலிஷ். விளிம்புல மட்டும் கை பட்டும் படாமலும் போகணும், லேக்கர் அங்கே ரொம்ப மெல்லிசு.

இந்த ஐப்பசி ஈரத்துல அடிக்கவே கூடாது! தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காத்துல இருக்கற ஈரம் படிஞ்சு வெள்ளை பூத்துடும்.

2014-ல உத்தரபாராவுல அம்பாசிடர் உற்பத்தியே நின்னு போச்சு. தர்மபுரியில முப்பது வருஷம் அம்பாசிடர் டாக்ஸி ஓட்டின தாத்தாவுக்கு இப்போ பார்வை மங்கிட்டு வருது. கறுப்பு பெயிண்ட் அடிச்சாச்சு. தினமும் வானத்தைப் பார்த்துட்டிருக்கேன்.