எதிர் வீட்டுத் தாத்தாதான் வழிகாட்டி!

ஆகஸ்ட் 22 சென்னையின் பிறந்தநாள். அதையொட்டி ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர் பக்கம் வழிகாட்டியோடு பாரம்பரிய நடை நடக்கும். பெட்ரோல் வேண்டாம், புகை இல்லை. வீட்டுத் தண்ணீர் பாட்டில் போதும். அம்பத்தூர், ஆவடிக்காரர்களும் மின்சார ரயில் ஏறி அங்கே போகிறார்கள்.

அந்த ரயில் பாதையே சரித்திரம்தான்! 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. 1955-ல் காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடி, சோஷலிச பாணி சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. நேரு வந்தார், அப்போது முதல்வர் காமராஜர். ராமாநுஜர் குருவாக மதித்த திருக்கச்சி நம்பி பிறந்தது பூந்தமல்லியில்.

இதெல்லாம் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? 'எங்க ஏரியால பார்க்க என்ன இருக்கு?' என்று சொல்லியே வளரும் பிள்ளை, நாளைக்கு ஊர் ஏரியில் குப்பை கொட்டினாலும் ஏன் என்று கேட்காது.

ஒரு ஞாயிறு காலை பருத்திப்பட்டு ஏரிக்கரை நடைபாதையில் ஆரம்பிக்கலாம். வழிகாட்டிக்கு எங்கே போவது? டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயரான தாத்தா எதிர் வீட்டிலேயே இருப்பார். கூப்பிட்டுப் பாருங்கள், உங்களுக்கு முன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார்!