36 மாதக் கணக்கு

ரிட்டயர் ஆகும் நாளில் சால்வை போடுவார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆபீஸ் கொடுத்த மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியோடு முடிகிறது என்று யாரும் சொல்வதில்லை.

என்னைப் போன்ற தமிழக அரசு ஓய்வூதியர்களுக்கு இதில் கவலை குறைவு. 2022 ஜூலையில் தொடங்கிய திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பென்ஷனிலேயே பிடித்தம். எனக்கும் வீட்டுக்காரிக்கும் சேர்த்து 5 லட்சம். வருடத்துக்கு அல்ல, நான்கு வருடத்துக்கும் சேர்த்து. இதையே பலர் கவனிப்பதில்லை.

தனியாரில் வேலை பார்த்தவர்கள் பாடு வேறு. வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்கெழுதும் தம்பி ஒருவர் போன மாதம் எரியோட்டுக்கு என்னைப் பார்க்க வந்தார். 58 முடிய மூன்று மாதம். பத்து வருடமாகச் சர்க்கரை. "மில் கார்டு முடியட்டும்ணே, அப்புறம் வெளியில ஒண்ணு எடுத்துக்கலாம்ல?" என்றார்.

எடுக்கலாம். ஆனால் புதுப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 36 மாதம் வரை பணம் தரமாட்டார்கள். 2024 ஏப்ரலுக்கு முன் இது 48 மாதம். 58-ல் தொடங்கினால் 61 வரை சர்க்கரையால் வருகிற செலவெல்லாம் கைக்காசுதான். 55-லேயே சின்னதாக ஒன்று எடுத்திருந்தால், மில் கார்டு கையில் இருக்கும்போதே அந்த 36 மாதமும் ஓடி முடிந்திருக்கும்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். இந்தக் காலத்துக்கு அவர்கள் 'தெலே த காரான்ஸ்' என்பார்கள். காரான்ஸ் என்றால் இல்லாமை. 'வெயிட்டிங் பீரியட்' என்றால் ஏதோ பஸ்ஸுக்கு நிற்பதுபோல இருக்கிறது. பணம் கட்டியும் பலன் இல்லாத நாள் என்பதைப் பிரெஞ்சு வார்த்தை உள்ளபடி சொல்லிவிடுகிறது.

அமெரிக்காவில் 65 வயதில் மெடிகேர் பார்ட் பி-யில் சேர்ந்தால், அதற்கு மேல் துணைக் காப்பீடு வாங்க ஆறு மாதம் அவகாசம். அதற்குள் கேட்டால் நோயைக் காட்டி மறுக்க முடியாது. நம் ஊரில் அப்படி ஒரு அவகாசம் இல்லை. 65 வயது வரம்பு நீங்கிவிட்டது, சரி. ஆனால் உடம்பைப் பார்த்துவிட்டு முடியாது என்று கம்பெனி சொல்லலாம்.

தம்பிக்கு ஒரு வழி இருந்தது. குரூப் பாலிசியை அதே கம்பெனியில் தனிப் பாலிசியாக மாற்றிக் கேட்கலாம். இதுவரை ஓடிய வருடங்கள் காத்திருப்பில் கழியும். வேலையில் இருக்கும்போதே, எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு வருடா வருடம் தேதி தவறக்கூடாது. 30 நாள் சலுகை உண்டு, தொடர்ச்சி அறுந்துபோகாது. ஆனால் பணம் கட்டாத அந்த நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்தால் பில் நம்முடையது. வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

"70 ஆனா மோடி கார்டு இருக்குல்லண்ணே?" என்றார். 2024 அக்டோபர் 29-ல் வந்த ஆயுஷ்மான் வய வந்தனா கார்டைச் சொல்கிறார். வருடத்துக்கு 5 லட்சம், வருமான வரம்பு இல்லை, பழைய நோய்க்கும் முதல் நாளிலிருந்தே உண்டு. நல்லதுதான். முதலமைச்சர் காப்பீட்டுக்கு வருட வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், அவருக்குக் கிடைக்காது. ஆக 58-க்கும் 70-க்கும் நடுவில் பன்னிரண்டு வருடம் கிடக்கிறது.

அங்கேயே உட்கார வைத்து மனு எழுதிக் கொடுத்தேன். நகலில் தேதி முத்திரை வாங்காமல் வரவேண்டாம் என்றேன். வாழ்நாளெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு முத்திரையின் அருமை தெரியும். வாங்கி வந்து காட்டினார். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.