கனத்த தந்தியும் சிறு தகடும்

பேஸ் கிட்டார் என்னும் வாத்தியத்தை நம் கல்லூரி மேடையிற் கண்டோர் பலர். அதன் நாதத்தைத் தனியே பிரித்துக் கேட்டோர் சிலரே. கட்டடத்திற்குக் கடைக்கால்போல் அது கானத்தின் அடியில் மறைந்து நிற்பது. அதன் நான்கு தந்திகளுள் மிகக் கனத்தது வினாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கின்றது. இத்தகைய தந்தியை விரல்நுனியால் மீட்டுவதே முறையென்றும், 'பிக்' எனப்படும் சிறு தகட்டால் மீட்டுவது கிட்டார்க்காரர் வேஷம் மாறி வந்ததன் அடையாளமென்றும் ஓர் அபிப்பிராயம் வாசிப்போரிடையே உலவுகின்றது. இதனை யான் ஒப்புகிலேன். ஒப்பாமைக்குக் காரணம் என் வலக்கையிலேயே இருக்கின்றது.

மரப்பட்டறை ஒன்றில் இயந்திரத்திற் சிக்கி என் சுட்டுவிரலின் நுனிக்கணு அறுபட்டது. அதற்கு முன் மூன்றாண்டு விரலாலேயே வாசித்துப் பழகியிருந்தேன். சுட்டுவிரலும் நடுவிரலும் கால் மாற்றி நடப்பதுபோல் நடக்கவேண்டிய வித்தை அது. ஒரு கால் குறைந்தபின் நடை ஏது? அமெரிக்காவில் டெட்ராயிட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டுகளில் வாசித்துப் புகழ்பெற்ற ஜேம்ஸ் ஜேமர்ஸன் (1936–1983) பெரும்பாலும் வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார் என்று படித்தபொழுது, ஆறுதலுக்குப் பதில் எனக்குச் சினமே உண்டாயிற்று. அவருக்குப் போதுமாயிருந்த அவ்வொரு விரலன்றோ எனக்கு இல்லாதது!

ஆறுதல் தந்தவர் கேரல் கே என்னும் அம்மையார். லாஸ் ஏஞ்செலஸ் நகரில் கிட்டார் வாசித்துவந்த இவர், 1963-ல் ஓர் ஒலிப்பதிவுக்கு பேஸ் வாசிப்பவர் வாராமற்போகவே அவ்வாத்தியத்தைக் கையிலேந்தினார். கனத்த தகட்டினாலேயே அதனை வாசித்தார். பீச் பாய்ஸ் குழுவினர் 1966-ல் வெளியிட்ட 'பெட் சவுண்ட்ஸ்' இசைத்தட்டிலும் அவர் வாசிப்பு உண்டு. இங்கிலாந்தில் யெஸ் குழுவின் கிறிஸ் ஸ்குவயரும் (1948–2015) தகட்டையே கைக்கொண்டார். இவர்களெல்லாம் விரல் இல்லாமையால் தகட்டை நாடியவர் அல்லர். அதன் குரலை விரும்பி நாடியவர்கள். இதையறிந்த பின்னரே யான் கடைக்குச் சென்றேன்.

தகடுகள் அரை மில்லிமீட்டருக்குட்பட்ட கனத்திலிருந்து ஒன்றரைக்கு மேலும் கிடைக்கின்றன. மெல்லியதைப் பேஸ் தந்தியிற் பிரயோகித்தால் நாணல்போல் வளைந்துவிடும். தந்தி பேசுமுன் தகடு 'டிக்'கென்று பேசிவிடும். 0.60, 0.73, 0.88 என ஒவ்வொன்றாய்ச் சோதித்து 1.14-ல் நின்றேன். வடிவில் எனக்கு உகந்தது பெரிய முக்கோணம். குறைந்த விரலின் பக்கவாட்டிலும் கட்டைவிரலிலும் பற்றிக்கொள்ள அதில் தாராளமான இடமுண்டு. ஒரு மூலை தேய்ந்தால் மறு மூலை காத்திருக்கும். முற்காலத்தில் இவற்றை அழுங்காமையின் ஓட்டினாற் செய்தனர். நம் மன்னார் வளைகுடாவிலும் காணப்படும் அவ்வெளிய பிராணியின் ஓட்டு வியாபாரம் 1970-களில் சர்வதேச உடன்படிக்கையால் விலக்கப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்பே செல்லுலாயிட் தகடுகள் வந்துவிட்டன. இப்பொழுது நைலான் முதலியனவும் உள. நாலணா எடையும் இல்லாத ஒரு பொருளுக்காக ஓர் உயிரா என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

வாங்குவது ஒரு நாள் வேலை. பழகுவதோ ஆறு மாதப் பிரயாசை. தகட்டின் முனை ஓர் அரிசியளவே விரலுக்கு வெளியே தெரியவேண்டும். இறுகப் பற்றினால் மணிக்கட்டு நோவதோடு நாதமும் கடுக்கும். தளரப் பற்றினால் தகடு நழுவும். இவற்றினும் கடினம், கீழடியும் மேலடியும் சமமாய் ஒலிப்பது. கை கீழ்நோக்கி வருகையில் பலம் தானே சேர்கின்றது. மேல்நோக்கிச் செல்கையில் குன்றுகின்றது. கேட்போர்க்கு அது நொண்டி நடைபோலாம். நிமிஷத்திற்கு 60 தட்டு எனத் தாளக்கருவியை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது கீழடி, எது மேலடி என்று எனக்கே தெரியாத வரையில் சாதகம் செய்தேன். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால், மேலே கம்பி சுற்றிய தந்தியில் அரம் உராய்வதுபோன்ற ஓசை எழும். சில பாட்டுக்கு அதுவும் அழகே. உள்ளங்கையின் அடிப்பாகத்தைக் குதிரைக்கருகே தந்திமேல் இலேசாய் வைத்து மீட்டினால், ஓசை நீளாது, மரத்தில் தட்டினாற்போல் உருண்டு விழும். தகட்டைப் பழிக்கும் நண்பர்கள் இதனை ஒருமுறை கேட்கவேண்டும்.

எனினும், மெல்ல நகரும் பாட்டுகளில் நெடிதாய் இழையும் தாழ்ந்த ஸ்வரங்களுக்குத் தகடு சற்றுக் கூர்மை மிகுந்ததே. அவ்விடங்களில் அதனைப் பல்லிடுக்கிற் கவ்விக்கொண்டு கட்டைவிரலின் சதையால் மீட்டுகின்றேன். துரிதப் பகுதி தொடங்குமுன் அதனைத் திரும்பக் கையிலெடுக்க நான்கு தட்டு அவகாசம் வேண்டும். பாட்டைத் தேர்ந்தெடுக்கும்பொழுதே அந்நான்கு தட்டு எங்குள்ளதென்று எங்கள் குழுவினர் எனக்காகப் பார்த்துவிடுகின்றனர்.